கறுப்பி எங்கே? மேசை விளையாட்டில் குதிரையும் வளர்ப்பு விலங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மதியம் வேளச்சேரியில், நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறது. ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, டைஸ் எறிந்து கதையை நகர்த்தும் விளையாட்டு. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி, 400 பொற்காசு சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு போர்க்குதிரை வாங்கினாள். கறுப்பி என்று பெயர் வைத்து, தன் கதாபாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டின் பின்பக்கம் பென்சிலால் படமும் வரைந்தாள். அடுத்த வாரம் கதையில் குழு ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இறங்கியது. நான்கு செஷன் உள்ளேயே ஓடியது. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அண்ணா, கறுப்பி எங்க?"

யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். எந்த மரத்தில் கட்டினோம், தண்ணீர் வைத்தது யார் என்று யார் நோட்டிலும் ஒரு வரி இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகுதான் விலங்குகளுக்கான விதிகளை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். கீழே வரும் எண்கள் எல்லாம் நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் உள்ளவை.

குதிரையை பைக் மாதிரி நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. குதிரைக்குத் தீனி ஒரு நாளைக்கு 5 செப்புக்காசு, லாயத்தில் விட்டால் 5 வெள்ளிக்காசு. சின்னத் தொகைதான். ஆனால் அதை வாராவாரம் கழித்து எழுதும்போதுதான் அந்தக் குதிரை உயிருள்ளதாக எல்லோர் மனதிலும் நிற்கும். நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல் வழியாகக் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். லாயக்காரர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பயண வேகத்திலும் இதே குழப்பம்தான். குதிரை இருந்தால் ஒரு நாளில் இரண்டு மடங்கு தூரம் போய்விடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நாலுகால் பாய்ச்சலில் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டலாம். அந்த நேரத்துக்கு மட்டும், வேகநடையில் போகும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு. வழியில் மாற்றுக்குதிரை கிடைக்காவிட்டால், நாள் முழுக்கப் பார்க்கும்போது நடப்பவரும் குதிரையில் போகிறவரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போவார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். எங்கள் மேசையில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இங்கேதான். குதிரையில் ஏற உங்கள் வேகத்தில் பாதி செலவாகும். 30 அடி வேகம் என்றால் 15 அடி போய்விடும். இறங்கவும் அதே செலவு. ஏறியபின் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: குதிரையை நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா, அதன் போக்கில் விடுகிறீர்களா? கட்டுப்படுத்தினால் அது உங்கள் இனிஷியேட்டிவில், அதாவது சண்டை வரிசையில் உங்கள் முறையில், நகரும். ஆனால் விரைந்தோடலாம், விலகலாம், தற்காத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குளம்பால் உதைக்க முடியாது. கறுப்பியின் முதல் சண்டையில் அவளை உதைக்கவும் விட்டேன், சவாரி செய்தவளை வாள் வீசவும் விட்டேன். அது தவறு. மற்ற வீரர்கள் ஒரு முறைக்கு ஒரு செயல் செய்யும்போது ஒருத்திக்கு மட்டும் இரண்டு கிடைத்தது. குதிரையும் தாக்க வேண்டும் என்றால் அதன் போக்கில் விட வேண்டும். அப்போது அதற்குத் தனி இனிஷியேட்டிவ், தனி மனம். பயந்தால் உங்களைச் சுமந்துகொண்டே ஓடிவிடும்.

ஹிட் பாயிண்டை, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை, பார்க்காமல் குதிரையோடு போருக்குப் போவது இன்னொரு தவறு. சாதாரண சவாரிக் குதிரைக்கு 13 ஹிட் பாயிண்ட். ஃபயர்பால் மந்திரத்தின் சேதம் எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28. குதிரை சேவ் (ஆபத்தைத் தவிர்க்க எறியும் டைஸ்) எறிந்து தப்பித்தாலும் பாதி, அதாவது 14. குதிரை விழுந்துவிடும். போர்க்குதிரைக்கு 19, சேவ் கிடைத்தால்தான் பிழைக்கும். எதிரியின் கைக்கெட்டும் எல்லையை விட்டுக் குதிரை உங்களோடு வெளியேறும்போது, அவன் தன் வாய்ப்புத் தாக்குதலை உங்கள்மேல் வீசலாம், குதிரைமேலும் வீசலாம். டிஎம் ஆனவர்களுக்கு என் கருத்து: குறி வைக்க முடியும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் குதிரையையே குறிவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒரே மாதத்தில் யாரும் குதிரை வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள்.

சேணத்தை எழுத மறப்பவர்கள் நிறைய. அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கம் நிற்கும் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1839 முதல் அங்கே நிற்கும் அந்த வெண்கலக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிலைக்குச் சரி. விளையாட்டில் ஏதாவது ஒரு சக்தி குதிரையை அதன் விருப்பத்துக்கு மாறாக நகர்த்தினால், நீங்கள் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் 10 எடுக்காவிட்டால் கீழே விழுவீர்கள். 20 பொற்காசு போர்ச்சேணம் வாங்கினால் குதிரைமேல் தரித்திருப்பதற்கான சோதனைகளில் அட்வான்டேஜ் (இரண்டு முறை எறிந்து பெரிய எண்ணை எடுப்பது) உண்டு.

நம்மூர் ஆட்கள் விலைப்பட்டியலில் யானையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். போர்க்குதிரை 400 பொற்காசு, யானை 200தான். வாங்குங்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் யானை 15 அடிக்கு 15 அடி இடத்தை அடைக்கும். ஒடுங்கி நுழையவும் 10 அடி அகலம் வேண்டும். டன்ஜனில், அதாவது கதையின் நிலவறைகளில், 5 அடி வழிகளும் உண்டு. யானை வாங்கிய வாரமே கதையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் டிஎம், வீரருக்கு முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கூடவே வரும் துணை விலங்குகள். 2014இல் வந்த பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர் என்ற, விலங்குத் துணையோடு திரியும் வனவீரருக்கு விலங்கைத் தாக்கச் சொல்லத் தன் ஆக்‌ஷனையே செலவிட வேண்டியிருந்தது. 2020இல் வந்த துணைநூல் அதை, முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனாக மாற்றியது. உங்கள் மேசையில் எது நடப்பு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மந்திரவாதி மந்திரத்தால் அழைத்த துணை உயிரான ஃபெமிலியர் ஆந்தை தாக்காது. அதன் கண்வழியே பார்க்கும் நேரத்தில் மந்திரவாதிக்குத் தன்னைச் சுற்றி நடப்பது தெரியாது, கேட்காது. இதை மறந்துவிட்டு விளையாடும் குழுக்கள் ஏராளம்.

குதிரையின் இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன் எண்) வெறும் 2. "மூன்றாவது அறைக்குப் போய்ச் சாவியை எடுத்து வா" என்றால் அதற்குப் புரியாது. ஆனால் புரியாத உயிரை நடிக்கத் தெரியாமல் டிஎம்கள் அதை ஊமையாக்கிவிடுகிறோம். நான் மெரினாவுக்குப் போய் சவாரிக் குதிரைகளின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆர்வமானால் காது முன்னால் நிமிரும். கோபம் வந்தால் பின்னால் படிந்து பிடரியோடு ஒட்டிக்கொள்ளும். பட்டம் ஒன்று படபடத்து விழுந்தபோது ஒரு குதிரைக்குக் கண்ணில் வெள்ளை தெரிந்தது. குதிரைக்காரர் வாரை இழுக்கவில்லை, கழுத்தில் கையை வைத்தார், அது அடங்கியது. கறுப்பிக்கு இப்போது வசனம் கிடையாது. "காது பின்னால் போகிறது" என்று மட்டும் சொல்வேன். மேசையே கதவைத் திரும்பிப் பார்க்கும்.

விலங்கு சாவதைப் பற்றி விளையாட்டு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டில் வளர்த்த நாயைச் சமீபத்தில் இழந்தவர் உங்கள் மேசையில் இருக்கலாம். பாலடின் என்ற புனித வீரர் மந்திரத்தால் அழைக்கும் குதிரை வீழ்ந்தாலும் மறுபடி அழைத்தால் வந்துவிடும். சந்தையில் வாங்கியது வராது. எங்கள் குழுவில் ஒருவர், நாய் சாகும் காட்சி மட்டும் வேண்டாம் என்றார். எங்கள் கதையில் நாய்கள் காயப்படும், ஓடிப்போகும், திரும்பி வரும்.

கறுப்பிக்கு என்ன ஆனது என்று அன்று நான் உடனே முடிவு செய்யவில்லை. மாணவியிடம் இருபதுமுக டைஸைக் கொடுத்தேன். 17 விழுந்தது, நல்ல எண். கோட்டைக்குக் கீழே ஆடு மேய்க்கும் ஒரு கிழவி அவிழ்த்துக் கொண்டுபோய்க் காப்பாற்றி வைத்திருந்தாள். கறுப்பி அவள் குடிசை வாசலில் வைக்கோல் தின்றுகொண்டு நின்றாள். கிழவிக்குத் தீனிக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இப்போது அந்த மாணவியின் ஷீட்டில், படத்துக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: எங்கே, யாரிடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் டைஸ் பையைத் திறப்பதற்கு முன் அதை நிரப்பிவிடுகிறாள்.