ஸ்லீப்பிங் பேக் இருந்தும் குளிருதா? முதலில் அடியில் பாருங்கள்

டிசம்பர் வந்தால் போதும், கோயமுத்தூர், ஈரோட்டுப் பசங்க டென்ட்டையும், உள்ளே நுழைந்து படுக்கிற பஞ்சுப் பையான ஸ்லீப்பிங் பேக்கையும் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். டார்ச்சை மறப்பது, குல்லாவை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் சரியாகிவிடும். பட்ட பிறகும் ஏன் குளிர்ந்தது என்று தெரியாமலே, அடுத்த தடவையும் அதையே செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

காசு முழுக்க பேக்குக்கு, அடியில் ஒன்றுமில்லை

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், ராத்திரி சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகவே இருக்கும். அங்கே ஒரு எஸ்டேட்டில், பக்கத்து டென்ட்டில் இருந்த திருப்பூர்த் தம்பி விடியவிடியப் புரண்டுகொண்டே இருந்தார். "நல்ல பேக்குதானுங்ணா, முதுகு மட்டும் ஜில்லுன்னே இருந்துச்சுங்க. மைனஸ் பத்துன்னு போட்ட பேக்கு வாங்கிட்டா சரியாயிருமுங்களா?"

இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். பேக்கில் இருக்கிற பஞ்சு உப்பி நின்றால்தான் அதற்குள் காற்று அடைபட்டுச் சூடு தங்கும். நம் எடை விழுகிற இடத்தில் அது அப்பளமாய் நசுங்கிவிடும், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. முதுகைக் காப்பாற்றுவது அடியில் இருக்கிற மேட்தான். தம்பியிடம் இருந்தது காற்றடிக்கிற சாதா மெத்தை. உள்ளே வெறும் காற்று, அது சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல, மேட்டுக்கு ஆர்-வேல்யூ என்று ஒரு எண் உண்டு, கூடக்கூட நல்லது: இந்த மாதிரி மெத்தைக்கு ஏறக்குறைய 1, கெட்டியான ஃபோம் மேட்டுக்கு 2 பக்கம். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டும் கூடும். மறுநாள் ராத்திரி என்னிடமிருந்த ஃபோம் மேட்டை அவர் மெத்தைமேல் விரித்தேன், அதே பேக்கில் அசையாமல் தூங்கினார். பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பருத்தி, தரை ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

பெரிய எழுத்தில் இருக்கிற எண்ணை நம்புவது

பேக்கின் லேபிளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை எண்கள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்க, தூங்க அல்ல. கம்ஃபர்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

முகத்தை உள்ளே இழுத்து மூடுவது

மூச்சு ஈரம் முழுக்க பஞ்சில் இறங்கும். மூக்கு வெளியே இருக்கட்டும், தலைக்குக் குல்லா.

நடந்து வியர்த்த பனியனோடு படுப்பது

வேண்டாம். மாற்றுங்கள்.

பேக்கைச் சுருட்டியே பீரோவில் வைப்பது

மாசக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பஞ்சு அப்புறம் பழையபடி உப்பாது. வீட்டுக்கு வந்ததும் உதறிக் காயவைத்து, பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.