பூக்கும் தாவரங்களோட பரிணாமத்த ஆராயறீங்களா? அடிக்கடி நடக்குற தப்புகள் சில

1879ல டார்வின் தன் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதின கடிதத்துல இருந்து ஆரம்பிக்காத தீசிஸ் இந்த ஃபீல்டுல ரொம்ப கம்மி. பூக்கும் தாவரங்கள் திடீர்னு பெருகினது ஒரு பெரிய மர்மம்னு அவர் சொன்னாரு, சரி, ஆனா அந்த வரிய கோட் பண்ணிட்டு "இன்னைக்கும் அது மர்மமாவே இருக்கு"னு முடிச்சா நடுவுல நடந்த வேலை எல்லாம் எங்க போச்சு? அந்த பத்திய கடைசியா எழுதுங்க, இல்ல எழுதவே வேணாம்.

எது எதுக்கு சொந்தம்னு காட்டுற பரிணாம மரம் கட்டுறது இப்ப கஷ்டமே இல்ல, டிஎன்ஏ சீக்வென்ஸ போட்டு ஓட விட்டா வந்துரும், வந்த மரத்த படிக்குறதுலதான் எல்லாரும் சறுக்குறாங்க. அம்போரெல்லாவையே எடுத்துக்கோங்க. பசிபிக் கடல்ல இருக்குற நியூ கலிடோனியா தீவுல மட்டும் காட்டுல வளர்ற ஒரு புதர்ச்செடி, உலகத்துல மிச்சம் இருக்குற எல்லா பூக்கும் தாவரங்களுக்கும் சிஸ்டர் கிளை, அதாவது மத்த எல்லாத்துலயும் இருந்து முதல்ல பிரிஞ்ச கிளை, 2013ல ஜீனோமும் (மொத்த டிஎன்ஏ வரிசையும்) வந்தாச்சு. உடனே "முதல் பூ இப்படித்தான் இருந்திருக்கும்"னு அதோட போட்டோவ போட்டுடறாங்க. அது பாட்டி இல்லீங்க, ஒண்ணுவிட்ட அக்கா. ரோஜா எவ்வளவு காலமா மாறிட்டு வருதோ அதே அளவு காலமா அதுவும் மாறிட்டுதான் வந்திருக்கு. அதுல ஆண் பூ தனிச் செடியில, பெண் பூ தனிச் செடியில, இதழ்கள் சுருள் வரிசையில இருக்கும். ஆனா 2017ல 792 ஸ்பீசிஸ வச்சு பண்ணின கணிப்புல மூதாதைப் பூ இருபால் பூவா, இதழ்கள் மூணு மூணா வட்டமா அடுக்கினதா வந்துச்சு. அந்த கணிப்புக்கும் விமர்சனம் வந்துச்சு, அது வேற கதை, ஆனா தனியா பிரிஞ்சு நிக்குற ஒத்த கிளைய பாத்து மூதாதைய வரையக் கூடாதுங்குறது இதுல நல்லாவே தெரியுது.

தோற்றத்த மட்டும் நம்புறதும் இதே ரகம்தான். தாமரையும் அல்லியும் ஒரே குளத்துல ஒரே மாதிரி மிதக்குதுனு சேத்து வச்சிருந்தாங்க, டிஎன்ஏ பாத்தா தாமரையோட சொந்தக்காரங்க பிளாட்டனஸ் மரமும் புரோட்டியாவும். நீட்டம், வெல்விட்சியா மாதிரி பூக்காத விதைத் தாவரங்கள் எல்லாம் பூக்கும் தாவரங்களுக்கு ரொம்ப நெருக்கம்னு ஒரு காலத்துல சொன்னாங்க, இப்ப அதுங்க பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் பக்கம் போயிடுச்சு, அதனால அவுட்குரூப்பா (ஒப்பிட்டு பாக்க வெளிய இருந்து சேக்குற கிளையா) நீட்டத்த மட்டும் வச்சு ஓட்டாதீங்க.

அடுத்தது வயசு, பெரிய சண்டையே இங்கதான். நிச்சயமா சொல்லக்கூடிய பழைய மகரந்த ஃபாசில் சுமார் 13 கோடி வருஷத்துக்கு முந்தினது, ஆனா டிஎன்ஏ மாறுற வேகத்த வச்சு வயசு போடுற நிறைய டிஎன்ஏ கடிகாரக் கணக்கு 15 கோடிக்கு மேல, சிலது 20 கோடிக்கும் மேல போகுது. ஒரு கோஷ்டி ஃபாசில தூக்கி போடுது, இன்னொரு கோஷ்டி கடிகாரத்த தூக்கி போடுது, ரெண்டுமே தப்பு. ஃபாசில் சொல்றது "அதுக்குள்ள இது வந்தாச்சு"னு மட்டும்தான், அதாவது குறைஞ்சபட்ச வயசு, அத அதிகபட்சமா வச்சு பூட்டிட்டா முடிவ நீங்களே எழுதி வச்சுட்டு கணக்கு போடுற மாதிரி ஆயிடும். கடிகாரம் பக்கம் இருக்குறவங்களும் ஒரு தடவ சீக்வென்ஸ் டேட்டாவ எடுத்துட்டு ப்ரையர (டேட்டா பாக்குறதுக்கு முன்னாடியே நீங்க குடுக்குற அனுமானங்கள) மட்டும் ஓட்டி பாருங்க, டேட்டா இல்லாமயே கிட்டத்தட்ட அதே வயசு வந்துச்சுனா உங்க ரிசல்ட் டிஎன்ஏல இருந்து வரல, நீங்க போட்ட செட்டிங்ல இருந்து வந்திருக்கு. அப்புறம் பரபரப்பா பேசப்பட்ட ஃபாசில உடனே காலிப்ரேஷனா (கடிகாரத்துக்கு வயசு குறிக்குற புள்ளியா) போடாதீங்க, 2018ல வந்த நாஞ்சிங்காந்தஸ் ஜுராசிக் பூனு சொன்னாங்க, அது பூவே இல்லனு சொல்ற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.

ஸ்டெம் வயசு, க்ரௌன் வயசு ரெண்டையும் கலக்குறதும் சகஜம். ஒரு குடும்பம் பக்கத்து கிளையில இருந்து பிரிஞ்ச நேரம் (ஸ்டெம்) வேற, இன்னைக்கு இருக்குற உறுப்பினர்கள் பெருக ஆரம்பிச்ச நேரம் (க்ரௌன்) வேற, நடுவுல கோடிக்கணக்கான வருஷம் கூட இருக்கலாம். டேபிள்ல எதுனு எழுதாம விட்டா அடுத்து எடுத்து பயன்படுத்துறவன் கதி அவ்வளவுதான்.

என்னோட முக்கியமான குறை "இந்த குணத்தாலதான் இந்த குடும்பம் பெருகிச்சு"ங்குற பேப்பர்கள் மேல. அக்விலீஜியாங்குற பூச்செடி இனத்துல இதழுக்குப் பின்னாடி தேன் இருக்குற நீளமான வால் இருக்கு, 70 ஸ்பீசிஸ் கிட்ட இருக்கு, வால் இல்லாத நெருங்கின சொந்தம் செமிஅக்விலீஜியால ஸ்பீசிஸ் சொல்லிக்கிற அளவுக்கு இல்ல, கதை அழகா இருக்கு. ஆனா அது ஒரே ஒரு தடவ நடந்த சம்பவம். அதே கிளையில அதே சமயத்துல மலை, காலநிலை, பறவைனு வேற என்னென்னமோ மாறியிருக்கலாம், ஒத்த சம்பவத்த வச்சு காரணத்த நிரூபிக்க முடியாது. தேன் வால் வேற வேற குடும்பங்கள்ல தனித்தனியா தோணியிருக்கு, அந்த ஜோடிகள எல்லாம் சேத்து பாத்தாதான் பேச்சுக்கு அர்த்தம். சாஃப்ட்வேர் சிக்னிஃபிகன்ட்னு சொன்னாலும் நம்பாதீங்க. ஒரு குணத்துக்கும் ஸ்பீசிஸ் பெருகுற வேகத்துக்கும் தொடர்பு இருக்கானு பாக்குற பிஸ்ஸி (BiSSE) மாதிரி மாடல்கள்ல, பெருக்கத்துக்கு சம்பந்தமே இல்லாத குணத்துக்கும் தொடர்பு இருக்குற மாதிரி ரிசல்ட் வரும்னு 2015லயே காமிச்சாச்சு. உங்க சொந்த மரத்து மேல சும்மா ஒரு குணத்த ரேண்டமா சிமுலேட் பண்ணி அதையும் ஓட்டி பாருங்க, பாதி தடவ அதுவும் சிக்னிஃபிகன்ட்னு வந்தா டிஸ்கஷன் செக்‌ஷன மாத்தி எழுத வேண்டியதுதான். இன்னொன்னு, இப்ப உயிரோட இருக்குற ஸ்பீசிஸ் மரத்த மட்டும் வச்சு பழைய காலத்துல எவ்வளவு தோணுச்சு, எவ்வளவு அழிஞ்சுதுனு பிரிச்சு சொல்ல பாக்குறது. எண்ணிக்கையில்லாத வேற வேற வரலாறுகள் அதே மரத்த அதே அளவுக்கு பொருத்தமா தரும்னு லூக்கா, பென்னெல்ங்குற ஆய்வாளர்கள் 2020ல காட்டினதுக்கு அப்புறமும் காலப்போக்குல வேகம் ஏறி இறங்குற வளைவு கிராஃப அப்படியே போட்டுட்டு இருக்காங்க.

குளோரோபிளாஸ்ட் ஜீன் மட்டும் வச்சு முடிவு சொல்றதும் போதாது, அது முழுசும் சேந்து ஒரே லோகஸ் (ஜீனோம்ல ஒரே இடம்) மாதிரிதான் கடத்தப்படுது. ஓக் மரங்கள்ல ஒரே இடத்துல வளர்ற வேற வேற ஸ்பீசிஸுக்கு ஒரே குளோரோபிளாஸ்ட் இருக்குறது உண்டு, கலப்பினத்தால வந்தது. 2024ல 353 நியூக்ளியர் (செல் உட்கரு) ஜீன், 9,506 ஸ்பீசிஸ் வச்சு பெரிய மரம் வந்தாச்சு, உங்க மரம் அதோட எங்க ஒத்துப்போகலனு பாருங்க, ஒத்துப்போகாத இடம்தான் சுவாரசியமான இடம். பாலிபிளாய்டி (குரோமோசோம் தொகுதி பல மடங்கானது) இருந்தா பேராலாக் ஜீன்களையும் (ஒரே ஜீன் இரட்டிச்சு வந்த நகல்களையும்) வடிகட்டணும்.

கடைசியா டேட்டா சுத்தம். எந்த உயிரினம் எங்க பதிவாச்சுனு சேத்து வைக்குற ஜிபிஐஎஃப் (GBIF) தரவுத்தளத்துல இருந்து இறக்கின ஷீட்ட திறந்தா அட்சரேகை 0, தீர்க்கரேகை 0னு சில வரி இருக்கும், மேப்ல போட்டா ஆப்பிரிக்கா பக்கத்துல கினி வளைகுடா தண்ணியில மரம் வளருது. இன்னும் சில புள்ளிகள் செடி இருந்த காட்டுல விழாம உலர்த்தின சாம்பிள் வச்சிருக்குற ஹெர்பேரியம் கட்டடத்து மேலயே விழும். ஒரே செடிக்கு ரெண்டு மூணு பழைய பேர் இருந்தா அது ரெண்டு மூணு ஸ்பீசிஸா எண்ணப்பட்டு உங்க பெருக்க வீதத்தையே ஏத்தி விட்டுரும். சீக்வென்ஸ் எடுத்த செடிக்கு வவுச்சர் (ஹெர்பேரியத்துல பத்திரமா வச்ச அதே செடியோட சாம்பிள்) இருக்கானு பாருங்க, இல்லனா அது என்ன செடினு பின்னாடி யாராலயும் சரிபாக்க முடியாது. வவுச்சர் இருந்தா அந்த குடும்பம் தெரிஞ்ச டாக்ஸானமிஸ்ட் (வகைப்பாட்டு நிபுணர்) ஒருத்தர்கிட்ட காமிச்சு பேர உறுதி பண்ணிட்டு அப்புறமா மரத்த ஓட்டுங்க.