ஒற்றைத் தள வீட்டுக்கு வரைபடம் போடும்போது

மாடி வீட்டில் கீழே இடம் போதாவிட்டால் ஓர் அறையை மேலே ஏற்றிவிடலாம். ஒற்றைத் தள வீட்டில் அந்த வசதி இல்லை. கூடம், சமையலறை, படுக்கையறைகள், குளியலறைகள், துணி துவைக்கும் இடம் எல்லாமே ஒரே தரையில் அடங்க வேண்டியிருப்பதால், ஓர் அறைக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வோர் அடியும் இன்னோர் அறையிலிருந்து எடுத்ததாகவே இருக்கும். ஆகையால் எத்தனை அறைகள் வேண்டும் என்ற கணக்கை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள், காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை அவர்கள் எங்கிருந்து எங்கே போய்வருகிறார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிவந்த சாமான் வாசலிலிருந்து சமையலறைக்கு எந்த வழியாகப் போகும், துவைத்த துணி கொடிக்கு எந்தக் கதவு வழியாகப் போகும், நடு இரவில் எழும் முதியவர் கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பன போன்ற சிறிய கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு வரையும் கோடுகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

அடுத்த வேலை, அறைகளை அளப்பதற்கு முன் சாமான்களை அளப்பது. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை, சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அட்டைகளைத் தாளில் நகர்த்திப் பார்க்காமல் அறையின் அளவை முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

10 அடிக்கு 10 அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொல்லும்போது போதுமான அறையாகவே தோன்றும். அதில் 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள இரட்டைக் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தலைமாட்டை வைத்தால், கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அந்தப் பக்கத்துச் சுவரில் 2 அடி ஆழமுள்ள அலமாரியை நிறுத்தினால் நடுவில் எஞ்சுவது ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் அங்கே நிற்க முடியாது. அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் 10 அடியில் அலமாரிக்கு 2, கட்டிலுக்கு 5 போக 3 அடிதான் மீதி. அதை ஒரே பக்கமாக விட்டால் கட்டிலின் மறுபக்கம் சுவரில் முட்டும், உள்பக்கம் படுத்திருப்பவர் இரவில் எழ வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இதே அறையை ஒரு பக்கம் மட்டும் 12 அடியாக நீட்டினால் அலமாரிப் பக்கம் 3 அடியும் மறுபக்கம் 2 அடியும் கிடைத்து அறை முழுதும் பயன்படத் தொடங்கிவிடும். கூடுதலாகச் செலவானது 20 சதுர அடி மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வரைபடத்தில் 10 அடி என்று எழுதியிருப்பது சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கா, உள்ளளவா என்று கட்டாயம் கேளுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு என்றால், 9 அங்குலச் சுவரும் இருபுறமும் அரை அங்குலப் பூச்சும் போக உங்களுக்குக் கிடைப்பது 9 அடி 2 அங்குலம்தான், அட்டையில் பொருந்திய அலமாரி அறையில் பொருந்தாது.

ஒற்றைத் தள வீட்டில் இடத்தைச் சத்தமில்லாமல் தின்பது நடைவழி. மூன்றரை அடி அகலத்தில் 20 அடி நீளத்துக்கு ஒரு நடைவழி விட்டால் 70 சதுர அடி போய்விடும், 5 அடிக்கு 8 அடி குளியலறை ஒன்றுக்கே 40 சதுர அடிதான் வேண்டும். அதற்காக எல்லா அறைகளையும் கூடத்திலிருந்தே திறக்க வைத்தால், எந்தச் சுவரிலும் சோபா போட இடமில்லாமல் கூடமே நடைவழியாகிவிடும். படுக்கையறைகளையும் பொதுக் குளியலறையையும் ஒரு பக்கமாகத் திரட்டி, 5 அடிக்கு 5 அடி அளவில் ஒரு சிறு பொது இடம் விட்டு, அதைச் சுற்றி அவற்றின் கதவுகளை அமைப்பது இரண்டுக்கும் நடுவான நல்ல வழி. தலைவாசலில் நிற்பவர் கண்ணுக்குப் படுக்கையறையும் கழிப்பறைக் கதவும் படாமல் இருப்பதும் இந்த அமைப்பில் எளிது.

தண்ணீர் புழங்கும் இடங்களை ஒன்றையொன்று ஒட்டி வைப்பது செலவை மட்டுமல்லாமல் பிற்காலத் தொல்லையையும் குறைக்கும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறங்கும்படி வாட்டம் கொடுத்தால், வீட்டின் மறுகோடியில் இருக்கும் குளியலறையின் குழாய் வெளியே வந்து சேரும்போது தொலைவுக்கு ஏற்ற ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அறைகளின் தரைக்கு அடியில் ஓடும் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தரையைத்தான் உடைக்க வேண்டும். குழாய் ஓடும் சுவரில் கட்டிலின் தலைமாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் தண்ணீர் இறங்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும்.

சமையலறையில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள் இருக்கலாம் என்பது வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் அளவு. அதைவிட முக்கியம், வீட்டார் கொல்லைப்புறம் போகும் வழி அந்த முக்கோணத்தை வெட்டக் கூடாது என்பது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் திரும்பும் இடத்தில் குழந்தைகள் குறுக்கே ஓடும்படி கதவு வைத்துவிட்டால் அதைப் பின்னால் திருத்துவது கடினம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 14 முதல் 17 அடி ஆழம் வரைதான் உருப்படியான வெளிச்சம் போகும். அதனால் வீடு ஆழமாக நீளும்போது நடுவில் இருக்கும் அறை பகலிலும் விளக்கை நம்பியே இருக்கும். ஆனால் ஒற்றைத் தள வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் மேலே வானம் இருக்கிறது. நடுவில் ஒரு சிறு திறந்த முற்றமோ, கூரையில் கண்ணாடி பதித்த திறப்போ அந்த இருட்டைப் போக்கிவிடும். கூரை முழுதும் வெயிலில் காய்வது இதன் மறுபக்கம். வெயில் கொளுத்தும் ஊரானால் மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறை, சாமான் அறை போன்றவற்றை வைத்துப் படுக்கையறைகளைக் காக்கலாம், ஏனெனில் மாலையில் தாழ்ந்து வரும் வெயிலை ஜன்னலுக்கு மேலிருக்கும் சன்ஷேடு தடுக்காது. காற்றுக்கு, இயன்ற அறைகளிலெல்லாம் இரண்டு வெவ்வேறு சுவர்களில் ஜன்னல் வேண்டும்.

முதுமையிலும் படியேறாமல் வாழ முடியும் என்பதுதான் ஒற்றைத் தளத்தின் பெரிய பேறு, அதை நிலைப்படிகளாலும் குறுகிய கதவுகளாலும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு படுக்கையறையும் அதன் குளியலறையுமாவது 3 அடிக் கதவோடும், சக்கர நாற்காலி திரும்புவதற்கு 5 அடி வட்டம் இடத்தோடும், நிலைப்படி இல்லாமலும் அமையட்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் கதவைத் திறக்க முடியும். எல்லாக் கதவுகளும் திறக்கும் வளைவைத் தாளில் வரைந்தால், எது எதோடு மோதும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பின்னாளில் மேலே கட்டும் எண்ணம் இருந்தால் அதை அஸ்திவாரத்துக்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். மாடிப்படிக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்க வேண்டும். 10 அடி ஏறுவதற்கு ஏறக்குறைய 7 அங்குல உயரப் படியாக வைத்தால் 17 படிகள் வரும்.

தாளில் எல்லாம் பொருந்திய பின், மனையிலோ ஏதேனும் ஒரு வெட்டவெளியிலோ சுண்ணாம்புப் பொடியால் அறைகளை உண்மையான அளவில் கோடிட்டு, கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டார் எல்லோரையும் அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். கட்டில் வரும் இடத்தில் பாயை விரியுங்கள், சாப்பாட்டு மேசைக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, உட்கார்ந்திருப்பவர் பின்னால் ஒருவர் தட்டோடு கடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். கூரையும் சுவரும் இல்லாத வெட்டவெளியில் எந்த அறையும் சிறியதாகவே தெரியும் என்பதால், கண்ணால் பார்த்துப் பயந்து அளவைக் கூட்டாமல், நடந்து இடிக்கிற இடத்தை மட்டும் திருத்துங்கள். அந்தத் திருத்தங்களை உள்ளளவுகளோடு வரைபடத்தில் ஏற்றி, பழைய பிரதிகளைக் கிழித்துவிட்டு, புதிய பிரதியை மட்டும் கொத்தனார் கையில் கொடுங்கள்.