பாயிண்ட் டூ டூவுக்கு முதல் சப்ரஸர்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

என்.சி.சி. கேம்பில் குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்ட நினைவோடு இங்கே வந்து சேர்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். டெக்சாஸ் மாதிரி ஒரு மாநிலத்தில் வேலை கிடைக்கிறது, ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார், பேரல் முனையில் கறுப்பாக ஒரு குழாயைத் திருகிச் சுடுகிறார், சத்தம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. எனக்கும் ஆசை அப்படித்தான் வந்தது. அந்தக் குழாயைச் சட்டம் சைலன்சர் என்கிறது, கடையில் சப்ரஸர் என்பார்கள், ரேஞ்சில் கேன். நம் ஊர் பைக் சைலன்சர் செய்கிற அதே வேலைதான்: வெளியே பாய்கிற சூடான வாயுவை உள்ளே தடுப்புத் தட்டுகளில் மோதவிட்டு, வேகத்தைக் குறைத்து, மெதுவாக வெளியே விடுவது. 1909-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம், மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன்.

எந்தக் கேன் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எல்-1, எச்-4, மாணவர் எஃப்-1, பார்க்க வந்தவர்களின் பி-2, இவை எல்லாமே குடியேற்றம் சாராத விசாக்கள். இவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது, அந்தச் சட்டத்தின் கணக்கில் சப்ரஸரும் துப்பாக்கிதான். சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுடுவதும் இதில் சிக்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, பலர் அதை வைத்துத்தான் துப்பாக்கி வாங்குகிறார்கள். ஆனாலும் என் கருத்து இதுதான்: ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசாமல் அந்த வழியில் போகாதீர்கள், கேனுக்கு கிரீன் கார்டு கையில் வரும்வரை பொறுத்திருங்கள். பத்து வருஷம் காத்திருந்த குடியேற்றக் கோப்பை ஒரு பொழுதுபோக்குக்காகப் பணயம் வைக்க வேண்டாம். துப்பாக்கிக் குற்றங்கள் கிரீன் கார்டு உள்ளவரையே நாடு கடத்தக் காரணமாகலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ, படிக்க வந்த தம்பியையோ ரேஞ்சுக்குக் கூட்டிப் போனால் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், கையில் கொடுக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கலாம், ஆனால் மத்தியச் சட்டத்துக்கு அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான், பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது.

அடுத்து மாநிலம். 42 மாநிலங்களில் தனிநபர் சப்ரஸர் வைத்துக்கொள்ளலாம். முடியாத எட்டு: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய். தலைநகர் வாஷிங்டனிலும் முடியாது. நம் மக்கள் அதிகம் இருக்கும் எடிசனும் சான் ஹோசேயும் இதில் அடங்கிவிட்டன, பாருங்கள். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் டல்லஸில் வாங்கிய கேனை அடுத்த வருஷம் நியூஜெர்சி புராஜெக்டுக்கு மாறும்போது வண்டியில் போட்டு எடுத்துப் போக முடியாது. ஒன்று விற்க வேண்டும், இல்லை சட்டம் அனுமதிக்கிற வழியில் டெக்சாஸிலேயே விட்டுப் போக வேண்டும். அனுமதி உள்ள மாநிலங்களுக்கு இடையே எடுத்துப் போக சப்ரஸருக்கு முன் அனுமதி தேவையில்லை, ஆனால் வழியில் எந்த மாநிலம் குறுக்கிடுகிறது என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, இப்போது கேனுக்கு வருவோம். பாயிண்ட் டூ டூ தோட்டா அழுக்கு நிறைந்தது, அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய தோட்டாக்களில் ஈயத்தின் மேல் பெரும்பாலும் செம்பு உறை இருக்கும். இதில் பல வகைகள் வெறும் ஈயம், மேலே மெழுகு, அல்லது தாள் போல மெல்லிய செம்புப் பூச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு ரவுண்டிலும் ஈயத்தூளும் மெழுகும் கரியும் தட்டுகளில் படிந்துகொண்டே போகும். பெரிய ரைஃபிள் கேனில் அழுத்தமும் சூடும் அதிகம் என்பதால் படிவதில் பெரும் பகுதி வெளியே போய்விடும், அதனால் அவற்றைப் பல கம்பெனிகள் ஒரேயடியாக வெல்டு செய்து மூடிவிடுகின்றன. பாயிண்ட் டூ டூவுக்கு அப்படி மூடியதை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிச் சுத்தம் செய்ய முடியாத கேன் நாளாக ஆக ஈயத்தால் நிறைந்து கனத்துக்கொண்டே போகும். எனக்குக் கழற்றக்கூடிய கேன்தான் இருந்தது, ஆனாலும் முதல் வருஷம் திறக்காமலே ஆயிரம் ரவுண்டுக்கு மேல் சுட்டுவிட்டேன், பிறகு தட்டுகள் குழாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மரச் சுத்தியலும் எண்ணெயுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. இப்போது முந்நூறு, நானூறு ரவுண்டுக்கு ஒரு முறை திறந்துவிடுகிறேன்.

உள்ளே இருக்கிற தட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் சுரண்டினால் தேயும், கடுமையான கரைசலில் போட்டால் அரிக்கும். வெளிக்குழாய் டைட்டானியம், உள்ளே எஃகு என்ற கலவை முதல் கேனுக்கு நல்ல பொருத்தம், டெட் ஏர் கம்பெனியின் மாஸ்க் மாடல் அந்த வகை. ரக்ட் ஆகுலஸ் இரண்டு துண்டாகப் பிரியும், பிஸ்டலுக்குக் குட்டையாகவும் ரைஃபிளுக்கு நீளமாகவும் வைத்துக்கொள்ளலாம். சைலன்சர்கோ ஸ்பாரோவில் தட்டுகளுக்குப் பதில் ஒரே துண்டில் குடைந்த எஃகு மையம், அதைச் சுற்றி இரண்டு பாதிகளாகப் பிளக்கும் ஓடு, எவ்வளவு அழுக்கானாலும் ஒட்டிக்கொள்ளாமல் வந்துவிடும். ஒரே துண்டு மையம் கழுவ எளிது, அடுக்குத் தட்டு பொதுவாகக் கொஞ்சம் அமைதி. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் கழுவும் வசதிக்கே ஓட்டுப் போடுவேன். விலை பெரும்பாலும் 300-லிருந்து 500 டாலருக்குள் முடிந்துவிடும்.

பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் ஒரே கேன் போதும். அமெரிக்காவில் பெரும்பாலான பாயிண்ட் டூ டூ பேரல் முனையில் இருப்பது அரை இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை. ரூகர் மார்க் 4 பிஸ்டலின் மரையிட்ட மாடல்களும், ரூகர் 10/22 ரைஃபிளின் மரையிட்ட மாடல்களும் இதே அளவு. வால்தர் பி22 மாதிரி சிலவற்றில் வேறு மரை, சின்ன அடாப்டர் வேண்டும். துப்பாக்கியே இன்னும் வாங்கவில்லை என்றால் மரையிட்ட பேரலோடு வருவதையே வாங்குங்கள், பின்னால் மரை வெட்டக் கொடுப்பது செலவு, கோணலாக வெட்டிவிட்டால் குண்டு தட்டில் உரசும். ரிவால்வருக்கு இது பயன்படாது, சிலிண்டர் இடைவெளியிலேயே வாயு கசிந்துவிடும். பாயிண்ட் டூ டூ மேக்னம், பாயிண்ட் ஒன் செவன் என்ற வேகமான தோட்டாக்களும் சுடுவதாக இருந்தால், அவற்றுக்கும் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள்.

தோட்டாவைத் தவறாக எடுத்துவிட்டு கேன் சரியில்லை என்று குறை சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒலியின் வேகம் சாதாரண வெயிலில் வினாடிக்குச் சுமார் 1,125 அடி. குண்டு அதைத் தாண்டினால் காற்றில் சாட்டை சொடுக்குகிற சத்தம் வரும், எந்தக் கேனும் அதை நிறுத்தாது. சி.சி.ஐ. கம்பெனியின் மினி-மேக் தோட்டா ரைஃபிளில் 1,235 அடி, சொடுக்கும். அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி, சொடுக்காது. பிஸ்டல் பேரல் குட்டை என்பதால் வேகமான தோட்டாவும் பல சமயம் எல்லைக்குள் அடங்கிவிடும். 710 அடியில் போகும் குவைட்-22 தோட்டா, ஒவ்வொரு ரவுண்டையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ரொம்ப அமைதி, ஆனால் தானாக ஏற்றும் துப்பாக்கியை முழுதாக இயக்க அதற்குச் சக்தி போதாது. போல்ட் ஆக்‌ஷன்தான் எப்போதும் அமைதி, தானாக ஏற்றும் துப்பாக்கியில் பக்கவாட்டுத் திறப்பு வழியாகவும் சத்தம் வரும். முதல் ரவுண்டு மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே இருந்த காற்றின் ஆக்ஸிஜனில் மிச்ச வெடிமருந்து எரிவதால் அது. கேன் இல்லாமல் சுமார் 140 டெசிபல், கேனோடு 110-களில். காது மூடியைப் போட்டுக்கொண்டே சுடுங்கள்.

காகித வேலை. 1934-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு கேனும் மத்திய அரசில் பதிவாக வேண்டும், அதற்கு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். வரிதான் போயிற்று, பதிவு போகவில்லை: படிவம் 4, கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒப்புதல் வரும்வரை கேன் கடைக்காரரிடம்தான் இருக்கும். உங்கள் பெயரில் மட்டும் வாங்கினால் நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் மனைவியோ கணவரோ அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்க முடியாது, அலமாரிச் சாவி அவரிடம் இருந்தால்கூடச் சிக்கல். இருவரும் ரேஞ்சுக்குப் போகிற வீடாக இருந்தால் டிரஸ்ட் ஒன்று அமைத்து அதன் பெயரில் வாங்குங்கள், இருவரும் கைரேகை கொடுக்க வேண்டியிருக்கும், இருவருமே தகுதியான குடியேற்ற நிலையில் இருக்கவும் வேண்டும். அப்புறம், இணையத்தில் முப்பது டாலருக்குத் துப்புரவுக் கிட் என்று ஒரு குழாயும் கிண்ணங்களும் விற்பார்கள். அதைத் தொடாதீர்கள். பதிவில்லாத சைலன்சராக அதைக் கருதினால் பத்து வருஷம் வரை சிறை.

ரேஞ்சுக்கும் பயணத்துக்கும் ஒரே பை வேண்டாம். கனடாவில் சப்ரஸர் தடை செய்யப்பட்ட சாதனம், டெட்ராய்டிலிருந்து டொராண்டோவுக்குச் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் கிளம்பும்போது டிக்கியில் அது கிடந்தால் எல்லையில் விளக்கம் எடுபடாது. ஊருக்குப் போகும்போதும் அதே கவனம், பை மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும்.

வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கேனில் படிவது ஈயம். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், கையுறை போடுங்கள், சுரண்டும்போது தூள் பறக்காதபடி எண்ணெயில் நனைத்துச் சுரண்டுங்கள். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைத்தால் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், ஆகும்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் ஈய அசிடேட் கரைந்திருக்கும், தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடிய விஷம், சாக்கடையில் கொட்டவும் கூடாது. ரேஞ்சிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றுங்கள்.

கேன் கைக்கு வந்த முதல் நாள், துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள். போல்ட்டைக் கழற்றக்கூடிய ரைஃபிளாக இருந்தால் கழற்றிவிட்டு, கேனைத் திருகி, பின்பக்கமிருந்து பேரல் வழியாகப் பாருங்கள், கேனின் துளை பேரல் துளையோடு ஒரே மையத்தில் சீரான வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல் ஒதுங்கித் தெரிந்தால் சுடாமல் கடைக்கே எடுத்துப் போங்கள். நேராக இருந்தால் மரையில் துளி கிரீஸ், கையால் இறுக்கினால் போதும். ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, கேன் தளர்ந்திருக்கிறதா என்று துணியால் பிடித்துத் திருகிப் பாருங்கள்.