தூக்கம் வராத இரவில் நண்பரோடு பேசும்போது

நள்ளிரவு தாண்டியும் தூக்கம் பிடிக்காமல் நண்பர்களோடு அரட்டையடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: படுக்கையில் புரண்டபடி பேசாதீர்கள். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும்) கண் சொக்கவில்லையா, எழுந்து நாற்காலிக்கு வந்துவிடுங்கள். படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது. விளக்கு மங்கலாக இருக்கட்டும். திரை வெளிச்சம், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். அதனால் தட்டச்சு செய்வதைவிட, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலில் பேசுவதே நல்லது. கடன், சண்டை, வேலைப் பிரச்சினை எல்லாம் காலையில் பேசிக்கொள்ளலாம். முதல் கொட்டாவி வந்ததும், கதை பாதியில் நின்றாலும், “சரி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போங்கள். நல்ல நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.