மான் இறைச்சியும் பிரியானும்: வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், நன்றி நவிலும் நாளையொட்டி, ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம் வருகிறது. அங்குள்ள பல குடும்பங்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அன்று. கொழுத்த வெள்ளைவால் மான் ஒன்று கிடைத்துவிட்டால் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கறி ஃப்ரீசரில் சேர்ந்துவிடும். 2002 பிப்ரவரியில், அதற்கு முந்தைய பருவத்தில் சுடப்பட்ட மூன்று மான்களுக்கு ‘க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்’ என்னும் மெலிவு நோய் இருந்தது அந்த மாநிலத்தில் தெரியவந்தது. அன்று முதல், வேட்டையாடிய மானைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்வி அந்த வீடுகளின் அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது பலரும் செய்யும் தவறுகளை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை மற்ற நோய்களுக்குச் சரியாகப் பொருந்தும் அறிவை இந்த நோய்க்கும் பொருத்திப் பார்ப்பதால் விளைபவை.

இந்நோய் முதன்முதலில் கவனிக்கப்பட்டது 1967-இல், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்களிடம். தீனி தின்றும் அவை இளைத்து இறந்தன. இறந்த மான்களின் மூளைத் திசு பஞ்சுபோல் துளைபட்டிருப்பதைக் கால்நடை மருத்துவர் எலிசபெத் வில்லியம்ஸ் 1970-களின் இறுதியில் கண்டறிந்தார். இதற்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அன்று. பிரியான் எனப்படும், தவறாக மடிந்த ஒரு புரதம். உடலில் இயல்பாக உள்ள அதே புரதத்தையும் தன்னைப்போல் தவறாக மடியச் செய்து அது பெருகுகிறது. இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவின் சில மாகாணங்களிலும் மான்களிடையேயும் எல்க், மூஸ் என்னும் பெரிய மான் வகைகளிடையேயும் இந்நோய் பரவியிருக்கிறது. 2016-இல் நார்வேயின் காட்டு ரெயின்டீர்களிடமும் அது கண்டறியப்பட்டது.

முதல் தவறு, கண்ணை நம்புவது. கறிக்கடையில் ஆட்டின் கண்ணையும் நிறத்தையும் பார்த்து, முகர்ந்து, அமுக்கிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கும் உண்டு. வேட்டைக்காரரும் அப்படித்தான் பார்க்கிறார். மான் தள்ளாடியதா, எச்சில் ஒழுகியதா, விலா எலும்பு துருத்தியதா என்று பார்த்து, எதுவும் இல்லையென்றால் நல்ல மான் என்று முடிவு செய்கிறார். ஆனால் தொற்றிய பிறகு அறிகுறி வெளிப்படுவதற்கே ஓராண்டுக்கு மேல், பல வேளைகளில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அந்தக் காலம் முழுவதும் மான் நன்றாக மேய்கிறது, ஓடுகிறது, இணை சேர்கிறது, கொழுப்பும் சேர்த்துக்கொள்கிறது. எலும்பும் தோலுமாகி நிற்கும் மானின் படத்தைச் செய்திகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கலாம். ஆயினும் வேட்டையில் விழுந்து, சோதனையில் நோய் உறுதியாகும் மான்களில் பெரும்பாலானவை பார்வைக்கு முழு நலத்தோடு இருந்தவையே.

இரண்டாவது தவறு, நெருப்பை நம்புவது. நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பது கிருமிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. பிரியானுக்கு உயிரே இல்லை; எனவே அதைக் ‘கொல்ல’ வழியும் இல்லை. கொதிக்க வைப்பதும், பிரஷர் குக்கரில் வேகவைப்பதும், புகையில் உலர்த்துவதும், மாதக்கணக்கில் உறைய வைப்பதும் அதை நம்பத்தக்க வகையில் அழிப்பதில்லை. ஆய்வகத்தில் பிரியான் கலந்த திசுவை 600 டிகிரி செல்சியஸில் சாம்பலாக்கிய பின்னும் தொற்றும் தன்மை சிறிதளவு எஞ்சியிருந்தது. எந்த அடுக்களையும் அந்த வெப்பத்தை எட்டப்போவதில்லை.

இதனால் வேட்டை இறைச்சியை வேகவைப்பதில் பயனே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 கோடையில் தெற்கு டகோட்டாவில் உறவினர் ஒன்றுகூடிய குடும்ப விருந்து ஒன்றில், கனடாவின் சஸ்காட்செவானில் வேட்டையாடப்பட்ட கருங்கரடியின் இறைச்சியைக் காய்கறிகளோடு கம்பியில் கோத்துச் சுட்டார்கள். அந்த இறைச்சி 45 நாள் உறைநிலையில் இருந்தது. கரடி இறைச்சி இயல்பாகவே கருத்த நிறமுடையது என்பதால் வெந்துவிட்டதா என்று கண்ணால் தெரியவில்லை. சிலர் தின்னத் தொடங்கிய பிறகே வேகவில்லை என்பதை உணர்ந்து மறுபடி நெருப்பில் காட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் ஆறு பேருக்கு ட்ரிக்கினெல்லா என்னும் புழுவின் தொற்று ஏற்பட்டது. அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதே கம்பியில் இருந்த காய்கறிகளை மட்டும் உண்டவர்கள். பன்றியிறைச்சியில் உள்ள ட்ரிக்கினெல்லா உறைநிலையில் சாகும். வடதுருவப் பகுதிகளின் கரடிகளில் உள்ள வகை சாவதில்லை. ஆனால் இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் கட்டாயம் வெப்பமானி வேண்டும். மெலிவு நோயுள்ள மானுக்கோ எந்த வெப்பமானியும் உதவாது.

மூன்றாவது தவறுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. ‘இதுவரை ஒரு மனிதருக்கும் வந்ததில்லை, எனவே சாப்பிடலாம்’ என்கிறார்கள். முதல் பாதி உண்மை. மான் இறைச்சியால் மனிதருக்கு இந்நோய் வந்ததாக இன்றுவரை ஒரு நிகழ்வும் உறுதிப்படுத்தப்படவில்லை. 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் வெரோனாவில் நடந்த ஒரு விருந்தில், பின்னர் நோய் உறுதியான மானின் இறைச்சி பரிமாறப்பட்டது தெரியவந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தும் அந்த நோய்க்கான தடயம் தென்படவில்லை. மனித மூளைத் திசுவைச் சிற்றுருவில் வளர்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்தி 2024-இல் வெளியிட்ட சோதனையிலும் மான் பிரியான் அதைத் தொற்றவில்லை. இவை ஆறுதல் தரும் செய்திகளே.

ஆனால் இதே வகை நம்பிக்கை முன்பு ஒருமுறை பொய்த்தது. பிரிட்டனில், பிரியானால் வரும் இன்னொரு நோயான மாட்டுப் பித்து நோய் 1986-இல் அடையாளம் காணப்பட்டபோது, மாட்டிறைச்சி மனிதருக்குத் தீங்கற்றது என்று அரசே பல ஆண்டுகள் உறுதி கூறியது. பத்தாண்டு கழித்து, 1996-இல், அந்தப் பிரியான் மனித மூளைக்குத் தாவியிருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. பிரிட்டனில் மட்டும் 170-க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தார்கள். பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களைத் தாக்கிய ‘குரு’ (kuru) என்னும் பிரியான் நோய், சிலருக்குத் தொற்றி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வெளிப்பட்டது. இவ்வளவு நீண்ட மறைவுக் காலமுள்ள நோய்க்குடும்பத்தில், இன்னும் யாரும் நோயுறவில்லை என்பதிலிருந்து ஆபத்தே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மறுபக்கம், ‘ஜாம்பி மான்’ என்று தலைப்பிட்டு எல்லா மான் இறைச்சியையும் நஞ்சாகச் சித்திரிப்பதும் தவறே. நோய் எட்டாத மாவட்டங்கள் இன்னும் ஏராளம், சோதனையும் எளிது.

சோதனையை எளிது என்கிறேன், ஏனென்றால் விஸ்கான்சினில் அதற்கென ஆளில்லாச் சேகரிப்பு இடங்களே இருக்கின்றன. வேட்டைக்காரர் ஐந்து அங்குலக் கழுத்தோடு சேர்த்து மானின் தலையை அறுத்து, பிளாஸ்டிக் பையில் இட்டு, சுட்ட இடத்தையும் நாளையும் படிவத்தில் எழுதிக் கட்டி, அங்குள்ள பெரிய பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். தொண்டைக்குப் பின்புறமுள்ள நிணநீர்க் கணுக்கள் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. வெள்ளைவால் மானில் பிரியான் முதலில் சேரும் இடங்களில் அவையும் ஒன்று. முடிவு வர ஓரிரு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு துண்டு வறுத்துப் பார்ப்போம் என்று தொடங்குகிறார்கள். அல்லது இறைச்சி பதப்படுத்தும் கடையில் கொடுத்து, மற்றவர்களின் மான்களோடு சேர்த்து அரைத்த சாசேஜாகத் திரும்பப் பெறுகிறார்கள். பிறகு தம் மானின் முடிவு ‘நோய் இல்லை’ என்று வந்தாலும் அந்தத் தாளுக்குப் பொருள் இல்லை, கையிலிருக்கும் சாசேஜில் யாருடைய மான் இருக்கிறதென்றே தெரியாது. தம் மானைத் தனியாகப் பதப்படுத்தித் தரும்படி முன்கூட்டியே கேட்க வேண்டும். பொட்டலங்களில் சோதனை எண்ணை எழுதி, முடிவு வரும்வரை ஃப்ரீசரைத் திறக்காமலிருக்க வேண்டும்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் திசுவில், அந்த நாளில், பிரியான் தென்படவில்லை என்பதே அதன் பொருள். அண்மையில் தொற்றிய மானிலும் ஒரு வயதுக்குட்பட்ட குட்டியிலும் அது தப்பிவிடக்கூடும். இருந்தும் சோதிக்காத மானைவிடச் சோதித்த மான் பன்மடங்கு நம்பத்தக்கது. நோய் உறுதியானால், மூளையையும் முதுகுத்தண்டையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் தின்னலாம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நோயுற்ற மானின் தசையிலேயே பிரியான் இருப்பது 2006-இல் நிறுவப்பட்டுவிட்டது. அந்த இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை, என் கருத்தும் அதுவே.

மானை அறுக்கும் முறையிலும் கவனம் தேவை. கையுறையின்றி அறுப்பதும், முதுகெலும்பை ரம்பத்தால் பிளப்பதும், வீட்டுச் சமையல் கத்தியையே எடுத்துச் செல்வதும் வழக்கமான பிழைகள். மிச்சிகனில் 2004-இல் மானை அறுக்கையில் விரலில் காயப்பட்ட ஒரு வேட்டைக்காரருக்கு மாட்டுக் காசநோய்க் கிருமி தொற்றியது. கையுறை பிரியானுக்கு மட்டும் வேண்டியதன்று. இறைச்சியை எலும்பிலிருந்து சீவி எடுப்பதே நல்லது. கத்திகளில் ஒட்டிய சதையை முழுவதும் கழுவி நீக்கிய பின், வீட்டு ப்ளீச் இரண்டு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்ற கலவையில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் எஃகின் மேற்பரப்பிலுள்ள பிரியான் செயலிழக்கிறது. ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குக்குள் ப்ளீச் ஊடுருவாது என்பதால் கழுவுவதைத் தவிர்க்கவே கூடாது.

எலும்பையும் குடலையும் காட்டில் வீசிவிட்டு வருவதும், வேறு மாவட்டத்துக்கு முழு மானாக ஏற்றிச் செல்வதும் நோயைப் புதிய இடத்தில் விதைக்கும் செயல்கள். பிரியான் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. நோயுற்ற மானின் எச்சங்களைப் பையில் கட்டி, கசிவு மண்ணில் இறங்காதபடி அடித்தளமிட்ட குப்பைக் கிடங்குக்கே அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மான் வேட்டை தடைசெய்யப்பட்டிருப்பதால், இதைப் படிப்பவர்களில் பலர் துப்பாக்கி பிடிப்பவர்களாக இருக்கமாட்டீர்கள். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அலுவலக நண்பர்களும் அண்டை வீட்டாரும் அன்போடு மான் கறி கொடுப்பது உண்டு. வாங்கும்போது இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எந்த மாவட்டத்தில் சுட்டது, சோதனை முடிவு வந்துவிட்டதா? அக்கறையுள்ள வேட்டைக்காரர் எவரும் இக்கேள்விகளைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். பலர் முடிவையே கைப்பேசியில் எடுத்துக் காட்டுவார்கள்.