ஆறாத வாய்ப்புண்: பெம்பிகஸ் நோயை இனங்காண்பது எப்படி?

பெம்பிகஸ் வல்காரிஸ் அரிதான, நாட்பட்ட தோல் நோய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதங்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதால், செல்கள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது.

பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வாயில்தான் தொடங்குகிறது. தோலில் முதல் கொப்புளம் எழ மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், உடல் சூடு என்றும் சத்துக் குறைவு என்றும் எண்ணி, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலேயே காலம் கழிந்துவிடுவது வேதனைக்குரியது. சாதாரண வாய்ப்புண் சிறிய வட்டமாக இருந்து, ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். பெம்பிகஸ் புண்ணோ ஒழுங்கற்ற விளிம்புடன், சவ்வு உரிந்தாற்போல் சிவந்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் எனப் பரவி, ரசம் சோற்றைக்கூட விழுங்க விடாமல் எரியும். 3 வாரங்களுக்குப் பிறகும் ஆறாத புண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தோலில் எழும் கொப்புளங்கள் தொளதொளவென்றிருந்து, எளிதில் உடைந்து, வலிக்கும் பச்சைப் புண்ணாக நிற்கும். இவற்றை அக்கி என்று கருதிக் காவி பூசுவது நோயறிதலைத் தள்ளிப்போடும். முதியவர்களுக்கு விறைப்பான கொப்புளங்கள் கடும் அரிப்போடு வந்தால், அது பெரும்பாலும் பெம்பிகாய்டு என்ற வேறு நோயாக இருக்கும். கொப்புளத்தின் அருகே தோலை அழுத்தித் தேய்த்தால் மேற்படலம் வழுக்கி உரிவதை நிக்கோல்ஸ்கி அறிகுறி என்பர். புதுப் புண் உண்டாகும் என்பதால் வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

நோயை உறுதிசெய்வது, சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான், அதுவும் இரண்டு இடங்களில். புதிய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து எடுக்கும் துண்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் செல்லும். புண்ணை ஒட்டிய, பார்வைக்கு நலமாகத் தெரியும் தோலிலிருந்து எடுக்கும் துண்டு, தோலில் படிந்த ஆன்டிபாடிகளை (நோய் எதிர்ப்புப் புரதங்களை) ஒளிரச் செய்து காட்டும் இம்யூனோஃப்ளோரசென்ஸ் சோதனைக்கானது. அதை ஃபார்மலினில் போட்டால் சோதனையே வீணாகிவிடும் என்பதால் மிக்கேல் கரைசலில் அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் செல்களைச் சுற்றி மீன்வலைபோல் ஒளிரும் கோடுகள் தெரிந்தால் பெம்பிகஸ் என்பது ஏறக்குறைய உறுதியாகிறது. ரத்தத்தில் டெஸ்மோக்ளீன் 1, 3 ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளை எலிசா என்ற ஆய்வக முறையில் அளப்பது, பின்னாளில் நோயின் போக்கைக் கண்காணிக்கவும் உதவும்.

பென்சிலமைன், கேப்டோபிரில் போன்ற மருந்துகளும் இந்நோயைத் தூண்டக்கூடும் என்பதால் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் கொடுங்கள். ஸ்டீராய்டு எடுத்துவருபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலுடன் உடலில் பரவலாகத் தோல் உரிந்தாலோ, தண்ணீர்கூட இறங்காமல் போனாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.